மூன்றாவது உபசாரம்

பூலங்கா
2 பிப்ரவரி 1988

அன்புள்ள ஹெல்விக்கு,

அண்ணன் வில்ஹோ எழுதுவது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் போகவில்லை. நான் இருக்கிறேன், நாய் இருக்கிறது, என் இடது முழங்கால்தான் போய்விட்டது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. விறகு வேண்டிய அளவு இருக்கிறது.

பக்கத்துப் பண்ணை சைமியின் மகள் சுவீடனில் உங்கள் பூரோஸில்தானே இருக்கிறாள். நீ வேலை செய்யும் நெசவாலையை வசந்தத்தில் மூடப்போகிறார்கள் என்று அவள் எழுதியிருந்தாளாம். சைமி அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பனியில் நடந்து வந்து சொன்னாள். கெட்ட செய்தி என்றால் அவளுக்கு எந்தக் குளிரும் உறைக்காது. உன் கணவன் ஆர்வோ இறந்ததுகூட அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போதே உனக்கு இரண்டு வரி எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். அது தப்பு. நல்ல மனிதன் அவன்.

இங்கே பெரிய செய்தி, டாக்டர் என் காபியில் கை வைத்துவிட்டாள். என் வயதில் பாதிகூட இல்லை அந்தப் பெண்ணுக்கு. ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்றாள். வெண்ணெயைக் குறை என்பாள் என்று எதிர்பார்த்துப் போனால், "கெட்டில்ல கொதிக்க வெச்சுக் குடிக்கிறீங்க பாருங்க, அதுதான் ஆகாது. தாள்ல வடிகட்டிக் குடிங்க" என்கிறாள். மெஷின் ஒன்று வாங்கினேன். அது இழுப்பு வந்த கிழவன் மாதிரி இருமி இருமி ஒரு ஜாடியை நிரப்புகிறது. நிறம் இருக்கிறது, வாசனைகூட இருக்கிறது, ஆனால் அடியில் மண்டி இல்லை. மண்டி இல்லாத காபியைக் குடித்தால் குடித்து முடித்த மாதிரியே இருப்பதில்லை. வாரநாளில் மெஷின், ஞாயிற்றுக்கிழமை கெட்டில் என்று நானும் டாக்டரும் ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறோம். டாக்டருக்கு இன்னும் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆலை மூடிய பிறகு அங்கே தனியாக உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய்? இங்கே மாடி அறை சும்மா கிடக்கிறது. நீ பிறந்த வீடு. வந்துவிடேன்.

பழசை நினைத்துத் தயங்காதே. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உன் வீட்டுக்கு வந்துவிட்டு ஒரு வாய் காபி இல்லாமல் திரும்பியதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. முதல் தடவை கேட்டதும் சரி என்பவன் காபிக்கு அலைகிறவன், இரண்டாம் தடவை சரி என்பவன் அரைகுறையாக வளர்ந்தவன், மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் நாற்காலியை மேஜைக்கு இழுக்க வேண்டும் என்று சொல்லித்தானே அம்மா நம்மை வளர்த்தாள். நீ இரண்டு தடவை கேட்டாய். நான் இரண்டு தடவை வேண்டாம் என்றேன். மூன்றாவதை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன், நீ காபியை எடுத்து வைத்துவிட்டாய். ஊரில் எல்லோரிடமும் நான் சொன்னது இதுதான்: "பாவம், சுவீடன்காரங்களோட பத்து வருஷம் இருந்துட்டா. அங்க வேண்டாம்னா வேண்டாம்தான். நம்ம வழக்கம் மறந்துபோச்சு." மறதிக்காக ஒருத்தியைக் கோபித்துக்கொள்ள முடியுமா? நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

பதில் எழுது.

உன் அண்ணன்
வில்ஹோ


பூரோஸ்
21 பிப்ரவரி 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கே நாளில் வந்துவிட்டது. உங்கள் பக்கத்துத் தபால் இப்போது வேகமாகிவிட்டது போலிருக்கிறது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சைமி மகள் சொன்னது உண்மைதான். ஏப்ரல் கடைசியோடு ஆலை மூடுகிறது. பத்தொன்பது வருஷம் தறிச் சத்தத்தில் நின்றதில் என் வலது காது பாதி போயிற்று. போன மாதம் பாதித் தறிகளை நிறுத்தினார்கள். சத்தம் குறைந்தபோது, பக்கத்துத் தறிக்காரி இத்தனை வருஷமும் எனக்குப் பிடிக்காத ஒரு பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது.

மெஷினைத் திட்டாதே. மெஷின் என்ன செய்யும், நீ பொடியைக் குறைத்துப் போட்டிருப்பாய். எனக்கு மெஷினும் கிடையாது. ஆர்வோ போன பிறகு அதை எடுத்து மேலே வைத்துவிட்டேன். ஒருத்திக்கு ஒரு ஜாடி எதற்கு? பிளாஸ்டிக் கூம்பு ஒன்று, தாள் ஒன்று, கோப்பை ஒன்று. முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டு, பொடி உப்பி எழுந்து அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்த அரை நிமிஷம் பொறுக்காதவன் குடிப்பது பழுப்புத் தண்ணீர். பிறகு மெல்ல, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும். இங்கே கொட்டையைக் கருகக் கருக வறுக்கிறார்கள். முதல் வருஷம் வாயில் வைக்க முடியவில்லை. இப்போது நம் ஊர் வெளிறிய வறுவல்தான் எனக்குச் சப்பென்றிருக்கும் என்று நினைக்கிறேன். கசப்பு பழகிவிட்டால் அதுவே வேண்டியிருக்கிறது.

ஆர்வோ கடைசி வரை சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு சாசரில் ஊற்றித்தான் உறிஞ்சுவான். ஆலையில் கூட. சுவீடன்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அவனுக்குக் கவலையே இல்லை.

அம்மாவின் நீலக் கரை போட்ட கோப்பைகள் இருக்கின்றனவா? ஆறு இருந்தன. என்னுடையதில் கைப்பிடிக்குப் பக்கத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் இருக்கும்.

நீ கூப்பிட்டதற்கு நன்றி. ஆனால் வேண்டாம். உனக்கு எதற்குச் சிரமம்? உன் வழக்கம் உனக்கு, என் வழக்கம் எனக்கு. இரண்டு கிழங்கள் ஒரே அடுப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பதை நாய் வேடிக்கை பார்க்கும்.

நீ என்னை மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அந்த வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன்.

அன்புடன்
ஹெல்வி


பூலங்கா
20 மார்ச் 1988

அன்புள்ள ஹெல்விக்கு,

உன் கடிதத்தைச் சைமிக்குப் படித்துக் காட்டினேன். பிளாஸ்டிக் கூம்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, "இதுக்குக் காபி குடிக்காமலே இருக்கலாம்" என்றாள். நீ சொன்னபடி பொடியைக் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். மெஷின் இருமல் அதிகமானதுதான் மிச்சம். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா செய்வதைப் போலவே கெட்டிலில் போட்டேன். உனக்கு மறந்திருக்கும், எழுதுகிறேன்.

கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும், குழாய்த் தண்ணீர் ஆகாது. ஆளுக்கு ஒரு குவியல் கரண்டி, கெட்டிலுக்கென்று ஒரு கரண்டி கூடுதல். பொடி கொரகொரவென்று இருக்க வேண்டும். உப்பு இரண்டு விரலால் கிள்ளி ஒரு சிட்டிகை. பொங்கி மூடியைத் தூக்கும்போது இறக்க வேண்டும். மறுபடி வைக்க வேண்டும், மறுபடி இறக்க வேண்டும். மூன்றாவது பொங்கலுக்குப் பிறகு ஒரு மடக்குப் பச்சைத் தண்ணீரைத் தெளித்து மூடி வைத்தால் மண்டி தானாகக் கீழே போய்விடும். அவசரப்பட்டு ஊற்றினால் பல்லெல்லாம் தூள். போர் நடந்தபோது பார்லி வறுத்து, டான்டேலியன் என்கிற களைச்செடியின் வேரை வறுத்து, அதைக் காபி என்று குடித்தோமே, அப்போது கூட அவள் மூன்று பொங்கலை விட்டதில்லை. வேருக்கு எதற்கு மூன்று பொங்கல் என்று அப்பா கேட்டால், "பழக்கம் விட்டுப்போயிடுமே" என்பாள்.

கோப்பைகள் இருக்கின்றன. ஞாபகமிருக்கிறதா, விருந்தாளி போதும் என்று கோப்பையைச் சாசரில் கவிழ்த்து வைக்கிற வரை அவள் ஊற்றிக்கொண்டே இருப்பாள். பாதிரியார் ஒருவர் புதிதாக வந்தவர், கவிழ்க்கத் தெரியாமல் ஒன்பது கோப்பை குடித்துவிட்டுப் போனார்.

தபாலைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாய். அம்மா போனபோது என் கடிதம் உனக்கு நேரத்துக்கு வராமல், அடக்கம் முடிந்து நான்கு நாள் கழித்து நீ வந்து சேர்ந்தாயே, அதைத்தான் குத்திக் காட்டுகிறாய் என்று புரிந்தது. பிப்ரவரி மாதம், பனி, அந்தக் காலத்துத் தபால். நான் என்ன செய்ய முடியும்? நன்றாக யோசித்துப் பார் ஹெல்வி. அது தபால் செய்த கோளாறு. காபி விஷயம் சுவீடன் செய்த கோளாறு. நம் இரண்டு பேர் மேலும் ஒரு தப்பும் இல்லை. தப்பே செய்யாத இரண்டு பேர் ஒன்பது வருஷம் பேசாமல் இருந்திருக்கிறோம். இதைவிட முட்டாள்தனம் உண்டா?

மாடி அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன். வெளிர் மஞ்சள். முழங்காலோடு ஏணி ஏறியதைச் சைமி பார்த்துவிட்டு, "கல்யாணமா?" என்று கேட்டாள். அடுப்பின் புகைபோக்கியையும் சுத்தம் செய்தாயிற்று. ஜன்னல் வழியாக ஏரி தெரியும். உன் கூம்பைக் கொண்டு வா, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கருகின காபியையும் கொண்டு வா.

மறுபடியும் கேட்கிறேன். வந்துவிடு.

உன் அண்ணன்
வில்ஹோ


பூரோஸ்
10 ஏப்ரல் 1988

அண்ணா,

இந்தக் கடிதத்தைச் சைமிக்குப் படித்துக் காட்டாதே.

நீ மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறாய். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. பெயின்ட் அடிக்காமல் இருந்திருந்தால் "வேண்டாம், சிரமம் எதற்கு" என்று இன்னொரு தடவை எழுதிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

1979 ஜூலை பதினான்கு, சனிக்கிழமை. நீ சாம்பல் நிற சூட்டில், தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, எங்கள் சமையலறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். அப்போது எங்களிடம் மெஷின் இருந்தது. ஆறு பேருக்குப் போட்டிருந்தேன், மூன்று பேர்தான் இருந்தோம். ஏலக்காய் பன் செய்திருந்தேன், துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

"காபி தரட்டுமா அண்ணா?" என்று கேட்டேன்.

"வேண்டாம், வேண்டாம். உனக்கெதுக்கு சிரமம்."

வைக்கோல் பற்றிப் பேசினாய். மழை பற்றிப் பேசினாய். நான் மறுபடி கேட்டேன். "கொஞ்சமா ஒரு வாய் குடியேன்."

"கப்பல்லயே குடிச்சாச்சு."

நீ சொன்ன விதமே அழகாக இருந்தது. அம்மா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். சொல்லிவிட்டு நீ நாற்காலியின் விளிம்பில் கையை வைத்தாய், மேஜைக்கு இழுப்பதற்காக. அதை நான் பார்த்தேன்.

நான் மறக்கவில்லை, அண்ணா. எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆயிற்று, இன்னும் ஒன்று என்று எனக்குத் தெரியும். நானும் அதே வீட்டில் பிறந்தவள்தானே. சுவீடனில் பத்து வருஷம் இல்லை, நூறு வருஷம் இருந்தாலும் அது மறக்கிற விஷயமா? "சரி" என்று சொல்லிவிட்டு, ஜாடியை எடுத்து பிளாஸ்கில் ஊற்றி மூடினேன். ஆர்வோ வாயைத் திறந்தான். மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். நீ இன்னும் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ரயிலுக்கு நேரமாயிற்று என்று எழுந்தாய். ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

ஆர்வோ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவன் சாகிற வரை, காபி வேண்டுமா என்று நான் கேட்டால் முதல் தடவையே "வேணும்" என்று சொல்லிவிடுவான். விளையாட்டுக்குக் கூட ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். உன் கடிதத்தின் உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்மா போனது 1977 பிப்ரவரி ஒன்பது, புதன்கிழமை. உள்ளே கடிதத்தின் தலையில் நீ போட்ட தேதி பத்து. அடக்கம் பத்தொன்பதாம் தேதி என்று அதில் எழுதியிருக்கிறாய். உறையின் மேல் விழுந்திருக்கும் முத்திரை பதினாறு. இருபத்தொன்று, திங்கட்கிழமை என் கைக்கு வந்தது. தபால் ஒரு தாமதமும் செய்யவில்லை. நம் ஊர்க் கடையில் டெலிபோன் இருந்தது. நீ ஏன் போன் செய்யவில்லை என்று நான் அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

நான் வந்து இறங்கியபோது, சைமி வீட்டிலிருந்து இரவல் வாங்கிய மேஜைகள் முற்றத்தில் சுவரோடு சாய்ந்து நின்றன. ஊர் முழுக்க உட்கார்ந்து அம்மாவுக்காகக் காபி குடித்துவிட்டுப் போயாகிவிட்டது. நீ எனக்கு நான்கு நாள் பழைய பன்னைக் கொடுத்து, "காபியில நனைச்சுக்கோ, இளகிடும்" என்றாய். பெற்ற அம்மாவின் அடக்கத்துக்கு நான் குடித்தது அதுதான்.

இரண்டரை வருஷம் கழித்து நீ என் சமையலறையில் உட்கார்ந்து நாற்காலியில் கை வைத்தபோது, அந்தக் காபி என்னிடம் இருந்தது, கொடுப்பதும் கொடுக்காததும் என் கையில் இருந்தது. கொடுக்கவில்லை. அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது என்றும் எழுதிவிடுகிறேன். ஒரு வாரம் இருந்தது அந்தச் சந்தோஷம். அதற்குப் பிறகு இல்லை.

ஆகவே நீ என்னை மன்னிக்காதே. நான் செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு உன் மஞ்சள் அறையில் என்னால் தூங்க முடியாது. செய்த தப்பு வேறு, அதைத்தான் இப்போது சொன்னேன்.

நீயும் ஒன்று சொல். அந்த ஆறு நாள் கடிதம் எங்கே இருந்தது? வேறு எதையும் நான் கேட்கவில்லை.

நீ கூப்பிட்டதற்கு என் பதில், வேண்டாம். இது இரண்டாவது வேண்டாம். நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தங்கை
ஹெல்வி


பூலங்கா
15 மே 1988

ஹெல்வி,

ஏரியில் பனிக்கட்டி போன வாரம் உடைந்தது. அதற்கு முன்பே பதில் எழுதியிருக்கலாம். நான்கு தடவை எழுதி அடுப்பில் போட்டேன்.

ஆறு நாளும் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. தினமும் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். டெலிபோனுக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் வாங்கினேன், திரும்பி வந்தேன். கேட்டாயே, சொல்லிவிட்டேன்.

ஏன் என்பதை நீ கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நீ போன நாளிலிருந்து அம்மா தினமும் மதியம் இரண்டு மணிக்கு மூன்று கோப்பை வைப்பாள். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று. விரிசல் விட்ட உன் கோப்பை. அதில் ஊற்றவும் செய்வாள். "ஹெல்வி எந்த நிமிஷமும் வருவா" என்பாள். ஆறி அவலாய்ப் போகும். காபியைக் கொட்டினால் அவளுக்கு ஆகாது. அதனால் அதை நான் குடிப்பேன். எட்டு வருஷம் உன் ஆறின காபியைக் குடித்தேன், ஹெல்வி. அவளைத் தூக்கி உட்கார வைத்தவன் நான், பனியைத் தள்ளியவன் நான், இரண்டு மைல் பால் கொண்டு போனவன் நான். கடைசி நாள் காலையில் கண் திறந்து அவள் கேட்டது, "அவ கோப்பையை வெச்சியா?" நான் குடித்தேனா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

நீ வந்திருந்தால் அடக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் உன்னைச் சுற்றி நின்றிருப்பார்கள். சுவீடனிலிருந்து வந்தவள், நல்ல கோட்டு போட்டவள், அழுகிறவள். அந்த ஒரு நாள் காபியாவது எனக்கே எனக்கென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். இருந்தது. எல்லோரும் என் கையைப் பிடித்தார்கள். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

நான் உன் வீட்டுக்கு வந்தது இதைச் சொல்லத்தான். இரண்டு நாள் பஸ், கப்பல், ரயில். வழி முழுக்க எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். காபி ஊற்றுவதற்கு முன்னால் நம் பக்கத்தில் யார் மனசில் உள்ளதைப் பேசியிருக்கிறார்கள்? நீ மூன்றாவது தடவை கேட்டதும் நாற்காலியை இழுத்து, முதல் வாய் குடித்துவிட்டு, சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். என் பையில் உன் கோப்பை இருந்தது. அம்மாவின் தலைத்துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். அதில் குடிக்கக் கேட்கலாம் என்று ஒரு நினைப்பு. அதைப் பிரிக்காமலேயே கொண்டு திரும்பினேன். ஸ்டேஷனில் காசு போட்டால் காகிதக் கோப்பையில் விழுகிற காபியைக் குடித்தேன்.

அன்றிலிருந்து, "பாவம், மறந்துட்டா" என்று சொல்லிச் சொல்லித்தான் நான் காலம் தள்ளினேன். ஊராருக்குச் சொன்னதைவிட எனக்கு நானே சொன்னதுதான் அதிகம். நீ மறந்துவிட்டாய் என்றால் எனக்குத் தங்கை இருந்தாள். நீ அதையும் எடுத்துக்கொண்டாய். எடுத்துக்கொள்ள உனக்கு உரிமை இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. நான் செய்தது பெரிது, நீ செய்தது சின்னது. அது தெரிந்தும் எனக்கு ஆறவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு ஒரு மாதமாக மாடிக்குப் போகவில்லை. நேற்றுப் போனேன். விதை உருளைக்கிழங்கு மூட்டைகளை அங்கே பரப்பி வைத்திருக்கிறேன். வெளிச்சம் நன்றாக விழுகிறது, சீக்கிரம் முளை விடும்.

உன் கோப்பையைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கைப்பிடியைத் துணியால் சுற்றியிருக்கிறேன், பார்த்துப் பிரி. இந்த வீட்டில் அது வேண்டிய மட்டும் காத்திருந்துவிட்டது.

இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவைக்கு நேற்றும் பேனாவை எடுத்தேன், இன்றைக்கும் எடுத்தேன். வரவில்லை. பழி வாங்குகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் சரிதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வில்ஹோ


பூரோஸ்
5 ஜூன் 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. உடையவில்லை. அம்மாவின் தலைத்துண்டைத் துவைக்கவில்லை, அப்படியே மடித்து வைத்திருக்கிறேன்.

கடிதத்துக்கு நன்றி. கோட்டுப் பை என்று எழுதினாயே, அதற்கு நன்றி. எட்டு வருஷம் ஆறின காபி எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அம்மா எனக்கு எழுதிய ஒரு கடிதத்திலும் அதை எழுதவில்லை. தெரிந்திருந்தால் எப்போதோ ஒரு கார்டு போட்டு, எனக்குக் கோப்பை வைக்காதே என்று சொல்லியிருப்பேன். வேறு என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

இதைச் சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் நமக்குள் இனி ஒளித்து வைக்க ஒன்றும் வேண்டாம். ஏப்ரலில் உனக்கு அந்தக் கடிதத்தைப் போட்ட கையோடு, ஜூன் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன் என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கட்டிலை விற்றாயிற்று. அவ்வளவு நம்பிக்கை எனக்கு, இரண்டுக்கு அப்புறம் மூன்றுதான் என்று. போன வாரம் அவரிடம் போய், நான் போகவில்லை என்று சொன்னேன். அவர் நல்லவர். "போகலையா? சரி" என்றார். இரண்டாம் தடவை கேட்கவில்லை. இங்கே வழக்கம் அப்படி. சோபாவில் படுத்துக்கொள்கிறேன், ஒருத்திக்கு அது போதும்.

கேட்காமலே வந்து நிற்கலாமா என்றும் யோசித்தேன். ரயில் நேரமெல்லாம் பார்த்தேன். உருளைக்கிழங்கு முளை விட்டிருக்கும் அறையில் வந்து நின்று என்ன சொல்வது என்று தெரியவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நீ எழுதியிருந்தபடி கொரகொரவென்று அரைத்து வாங்கி, பாத்திரத்தில் மூன்று தடவை பொங்கவிட்டு, உப்புப் போட்டு, பச்சைத் தண்ணீர் தெளித்து வைத்தேன். மண்டி அடங்கும் வரை உட்கார்ந்திருந்தேன். நீலக் கரைக் கோப்பையில் ஊற்றிச் சூடாகக் குடித்தேன். நன்றாக இருந்தது. பாத்திரத்தில் இன்னும் ஒரு கோப்பைக்கு இருந்தது.

கோப்பையைச் சாசரில் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஹெல்வி